வதந்திக்கு விலை வைத்தவர்

ஹெர்மன் ஓல்ரிக்ஸ் நியூயார்க் செல்வந்தர்; ஜெர்மானியக் கப்பல் நிறுவனமொன்றின் முகவர்; நீச்சலில் பேர்போனவர். அமெரிக்கக் கிழக்குக் கரையில், ஹட்டராஸ் முனைக்கு வடக்கே, சுறா மனிதரைத் தாக்கியதை மெய்ப்பிப்போருக்கு 500 டாலர் தருவதாக 1891-இல் அறிவித்தார். வதந்திக்கு விலை வைத்த இம்மனிதரை, பொருளாதாரம் கற்பித்த எனக்குப் பிடிக்கும். 1906-இல் கடற்பயணத்தில் அவர் இறக்கும்வரை பரிசை எவரும் பெறவில்லை. சிக்கல் அங்கேதான். சான்று வராததையே சுறா தாக்காது என்பதற்குச் சான்றாக அறிவியலாளர் சிலரும் எடுத்துக்கொண்டனர். அரிதாக நிகழ்வது வேறு, நிகழாதது வேறு. 1916 ஜூலையில் நியூஜெர்சியில் பன்னிரண்டு நாள்களுக்குள் சுறா தாக்கி நால்வர் இறந்தனர். அசட்டை ஒரே வாரத்தில் பீதியாயிற்று. மட்டவான் ஓடையில் சுறாவைக் கொல்ல டைனமைட் வெடித்தார்கள்.