குதிரைக்குக் கணக்குப் போட்ட ஜேம்ஸ் வாட்

புதிய கார் விளம்பரங்களில் 100 குதிரைத்திறன், 150 குதிரைத்திறன் என்று போடுகிறார்கள். அந்தக் குதிரைக்கு நிலையான கணக்கு வகுத்தவர் ஜேம்ஸ் வாட். ஆனால், அவருக்குச் சோறு போட்டது எரிபொருள் மிச்சம்தான்.

1736 ஜனவரி 19ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரில் வாட் பிறந்தார். லண்டனில் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்று, 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அமர்ந்தார்.

அங்கே நியூகோமன் நீராவி இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அது நீராவியை அளவுக்கு மீறி விழுங்கியது. ஒவ்வொரு முறையும் சிலிண்டரைச் சூடாக்கி, குளிரவைத்து, மறுபடியும் சூடாக்குவதே அதற்குக் காரணம் என்று வாட் கண்டுபிடித்தார். நீராவியைத் தனிக்கலனில் குளிரவைத்தால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும் என்ற யோசனை 1765இல் பிறந்தது. 1769இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால், வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. முதலீடு செய்த ஜான் ரோபக் நொடித்துப் போனார். 1773இல் மனைவி மார்கரெட் இறந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய்களுக்கு நில அளவை செய்தார். 1775இல் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் கைகொடுத்த பிறகே விடிவு பிறந்தது.

இருவரும் ஒரு புதுமையான ஒப்பந்தம் போட்டார்கள். பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் போதும். கார்ன்வால் சுரங்க முதலாளிகள் பலர் இதனால் லாபமடைந்தார்கள். அப்படியிருந்தும் சிலர் பங்கைத் தர மறுத்ததால் சச்சரவுகள் எழுந்தன.

குதிரைகளை வைத்து ஆலை நடத்தியவர்களிடம் இந்தக் கணக்கு செல்லவில்லை. ஒப்பிட அவர்களிடம் பழைய நீராவி இயந்திரமே இல்லையே! எனவே வாட் குதிரையையே அளவுகோலாக்கினார். செக்குமாடு போல, 12 அடி தூரத்தில் நின்று 180 பவுண்டு விசையோடு இழுக்கும் குதிரை மணிக்கு 144 சுற்று வரும் என்று கணக்கிட்டார். நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி தூக்கும் வேலை ஒரு குதிரைத்திறன் ஆனது.

இன்றைய கார் கணக்கும் இதில் அடக்கம். இழுக்கும் விசையை 12 அடியால் பெருக்கினால் வருவது முறுக்கு விசை, அதாவது டார்க். அதோடு சுற்றும் வேகமும் சேர்ந்தால் குதிரைத்திறன். தோட்டத்து டிராக்டருக்குக் காரைவிடக் குதிரைத்திறன் குறைவாக இருக்கலாம். ஆனாலும் மெதுவாகச் சுற்றும்போதே முறுக்கு விசை அதிகம் என்பதால் செம்பனைக் குலைகளை அது சளைக்காமல் இழுக்கிறது.

எண்ணெய்ச் செலவும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒரே திறனை அதிக வேகத்தில் சுற்றிப் பெற்றால் உராய்வில் எண்ணெய் வீணாகும். குறைந்த சுற்றில், நல்ல முறுக்கு விசையோடு பெற்றால் பெரும்பாலும் மிச்சமாகும். இயந்திரம் திணறாத வரை, உயர் கியரில் நிதானமாகப் போவது சிக்கனம்.

1819 ஆகஸ்ட் 25ஆம் தேதி, 83ஆம் வயதில் வாட் காலமானார். மின்விளக்கில் நாம் காணும் 'வாட்' அவர் பெயர்தான். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். அடுத்த முறை கார் வாங்கும்போது குதிரைகளை மட்டும் எண்ணாமல், முறுக்கு விசையையும் அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதையும் கேளுங்கள்.