மூக்கு வழியே மூளை ஆபரேஷன்: டாக்டர் குஷிங்கின் கதை

பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போய் நம்பர் மாற்றிக்கொள்கிறோம். பெரும்பாலோருக்கு அதுவே போதும். ஆனால் கோளாறு கண்ணில் இல்லாமல், கண்ணுக்குப் பின்னே மண்டையோட்டின் அடித்தளத்தில் இருந்தால்? அந்த இருட்டு மூலையில் ஆயுள் முழுவதும் உழைத்தவர் அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங்.

ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1869 ஏப்ரல் 8-ம் தேதி பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைசி. தந்தையும் பாட்டனாரும் டாக்டர்கள். ஹார்வர்டில் மருத்துவம் படித்தபோது, ஓர் ஆபரேஷனில் ஈதர் மயக்க மருந்து கொடுக்கும் வேலை அவரிடம் விடப்பட்டது. நோயாளி மேஜையிலேயே இறந்துபோனார். இந்தப் படிப்பே வேண்டாம் என்று மனமொடிந்தார் குஷிங். பிறகு, காட்மன் என்ற சக மாணவருடன் சேர்ந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடியையும் மூச்சையும் விடாமல் குறித்துவரும் அட்டவணையைத் தயாரித்தார். 1901-ல் இத்தாலியில் பார்த்த ரத்த அழுத்தக் கருவியையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். ரெஜிஸ்தரில் கட்டம் கட்டமாக எழுதி அலுத்துப்போன நம்மைப் போன்றவர்கள், அந்த எழுத்தும் உயிர் காக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

மூக்கின் பின்கோடியில், குதிரைச் சேணம் போன்ற எலும்புக் குழியில் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி சுரப்பி. மொச்சைக்கொட்டை அளவுதான். அதற்கு மேலே இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. இருபுறமும் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தத் தேக்கம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் அதற்குள்ளேதான் செல்கின்றன. சுரப்பியில் கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். பிளாட்பாரத்தில் பக்கவாட்டில் வருகிறவர்மேல் மோதிக்கொள்வார். எதிரே இருக்கும் போர்டை மட்டும் படித்துவிடுவார். கட்டி பக்கவாட்டில் பரவினால் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். சிலருக்குக் கை கால் பருத்து, மோதிரமும் செருப்பும் சேராமல் போகும். எந்தப் பக்கத்துப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து பார்த்தே, கட்டி எங்கே இருக்கிறது என்று கணித்தார் குஷிங். ஸ்கேன் கருவி எல்லாம் பிற்காலத்தில் வந்தவை.

மூக்கு வழியாக இந்தக் கட்டியை முதலில் எடுத்தவர் ஆஸ்திரியாவின் ஷ்லோஃபர், அது 1907-ல். மேலுதட்டின் உட்புறம் கீறி, மூக்கின் நடுச்சுவர் ஓரமாகச் செல்லும்படி அந்த முறையைச் செம்மைப்படுத்தினார் குஷிங். முகத்தில் தழும்பு கிடையாது. 1910 முதல் 1925 வரை இவ்வாறு 231 ஆபரேஷன்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. பென்சிலின் வராத காலம் அது! பின்னர் மண்டையைத் திறந்து மேலிருந்து எடுப்பதே பார்வைக்கு நல்லது என்று கருதி, மூக்கு வழியை அவரே கைவிட்டார். மற்றவர்களும் விட்டார்கள். அவரிடம் பயின்ற ஸ்காட்லாந்து டாக்டர் நார்மன் டாட் மட்டும் விடவில்லை. அவரிடமிருந்து பாரிஸின் கியோ, கியோவிடமிருந்து கனடாவின் ஹார்டி என்று வித்தை கைமாறியது. 1960களில் ஹார்டி அதில் மைக்ராஸ்கோப்பைச் சேர்த்தார். இன்று பிட்யூட்டரி கட்டிகளில் பெரும்பாலானவை மூக்கு வழியாகவே எடுக்கப்படுகின்றன.

குஷிங் பழகுவதற்குக் கடினமானவர். உதவியாளர்களை வாட்டி எடுப்பார். 1926 ஜூனில் மூத்த மகன் கார் விபத்தில் இறந்த செய்தி வந்தது. மனைவிக்குச் சொல்லிவிட்டு, அன்று குறித்திருந்த ஆபரேஷனைச் செய்து முடித்தார். கடமை என்பதா, கல்நெஞ்சு என்பதா? எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. மேஜையில் காத்திருந்தவருக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும்.

முகம் உருண்டு, வயிறு பருத்து, கை கால் மெலியும் ஒரு நோய்க்குப் பிட்யூட்டரியில் உள்ள சிறு கட்டியே காரணம் என்று 1932-ல் எழுதினார். அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது.

1939 அக்டோபர் 7-ம் தேதி மாரடைப்பால் காலமானார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளைக்குள்ளேயே ஒரு சிறு நீர்க்கட்டி இருந்தது தெரியவந்தது.