வெயில் புகுந்த ஆய்வுக்கூடம்: யார் இந்த லூயி கான்?

கட்டடக்கலை மாணவர்கள் தேடிப் போய்ப் படமெடுக்கும் கட்டடம் அது. உள்ளே வேலை பார்த்த அறிவியலாளர்களோ கண்ணாடிச் சன்னல்களில் காகிதத்தையும் அலுமினியத் தாளையும் ஒட்டி வைத்தார்கள்!

ஏன் அப்படி?

அதை வடிவமைத்த லூயி கான் 1901இல் இன்றைய எஸ்டோனியாவில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது நெருப்புக் கங்கு பட்டு முகம் வெந்துபோனது. தழும்பு கடைசிவரை போகவில்லை. குடும்பம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தது. கையில் காசில்லை. ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1924இல் பட்டம் வாங்கினார்.

அதே பல்கலைக்கழகம் 1957இல் அவரிடம் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடம் ஒன்றைக் கேட்டது. அதுதான் ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடம். கானுக்கு அப்போது வயது 56. அதுவரை பேர் சொல்லும்படி கட்டியது கொஞ்சம்தான்.

ஆய்வுக்கூடம்னா ரசாயன வாடை இருக்கும், கெட்ட காற்று சேரும். அதை வெளியேற்றும் குழாய்களைப் பொதுவாக எங்கேயாவது ஒளித்து வைப்பார்கள். கான் ஒளிக்கவில்லை. சமையலறைப் புகைபோக்கியைச் சுவருக்கு வெளியே எழுப்புவதுபோல, காற்றுப் போக்கிகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் தனித்தனிச் செங்கல் கோபுரங்கள் கட்டினார். மனிதர்கள் வேலை செய்யும் இடம் வேறு, அதற்குச் சேவை செய்யும் இடம் வேறு என்பது அவர் கணக்கு. தூண்களையும் மூலைகளில் வைக்காமல் தள்ளி வைத்தார். அதனால் மூலைகள் முழுக்கக் கண்ணாடி.

உலகமே பாராட்டியது. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகம் அந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி வைத்தது.

ஆனா, அந்தக் கண்ணாடி வழியேதான் வெயில் உள்ளே கொட்டியது. கண் கூசியது, இடமும் நெருக்கடி. அழகு முக்கியம்தான், நுண்ணோக்கியைப் பார்க்க முடியலைன்னா என்ன செய்றது?

கான் அதிலிருந்து கற்றுக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க்குக்காகக் கலிஃபோர்னியாவில் எழுப்பிய ஆய்வு நிலையத்தில், குழாய்களுக்கென்றே ஆய்வுக்கூட மாடிகளுக்கு இடையே முழுத் தளங்களை ஒதுக்கினார். ஆய்வுக்கூடங்கள் தூணே இல்லாமல் விரிந்தன. அறிவியலாளர்கள் தனியே உட்கார்ந்து யோசிக்கக் கடல் பார்த்த சிற்றறைகள் வேறு.

அப்புறம் அகமதாபாத்தின் நிர்வாகக் கல்விக் கழகம், டாக்கா நாடாளுமன்றம். பேர் வந்தது, பணம் வரலை. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையக் கழிப்பறையில் மாரடைப்பால் இறந்தார். வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரவே சில நாள் ஆனது. அலுவலகம் பெருங்கடனில் இருந்தது.

டாக்கா நாடாளுமன்றக் கட்டடம் முடிந்தது 1982இல்.