மாதம் பத்து வெள்ளி

துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்பூட்டில் பிறந்தார். தந்தை தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். ஆகவே, வறுமையை அவர் தம் வீட்டில் அறிந்ததில்லை. சுற்றியிருந்த லயங்களில்தான் கண்டார்.

அவர் உயர்கல்வி கற்றது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். இந்திய விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. காந்தியடிகளின் வழியில் பற்றுக் கொண்ட சம்பந்தன், போருக்குப் பின் மலாயா திரும்பினார். வேட்டியும் ஜிப்பாவுமே அவரது உடை.  சுங்கை சிப்பூட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி உருவாக அவரே முன்னின்றார்.

1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில், துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான கூட்டணி 52 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. வெற்றி பெற்ற சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். ஆனால், அன்றைய வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். தோட்டத்து இந்தியர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. பல்லாண்டுகள் பால்மரம் சீவியவரும் சட்டத்தின் கண்ணில் அந்நியரே! எனவே, விடுதலைப் பேச்சுகளில் குடியுரிமை பெரும் சிக்கலாக இருந்தது. சுதந்திர நாளிலோ அதற்குப் பின்னரோ இம்மண்ணில் பிறக்கும் குழந்தை குடிமகனாகும் என்று புதிய அரசியலமைப்பு உறுதி கூறியது. முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு விண்ணப்பிக்க வழி பிறந்தது. 1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த பினாங்கும் மலாக்காவும் மலாய் மாநிலங்களோடு அந்தச் சுதந்திரக் கூட்டரசில் இடம்பெற்றன.

கொடி மாறியது, தோட்டத்திலோ வேறொரு புயல் வீசியது. ஐரோப்பிய நிறுவனங்கள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். துண்டாடப்பட்ட நிலத்தில் பழைய தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். வீடு வேலையோடு ஒட்டியது. ஒரே கடிதத்தில் மூன்று தலைமுறை வாழ்க்கை முடிந்துவிடும் நிலை.

இதற்குச் சம்பந்தன் கண்ட வழி எளிமையானது. தோட்டம் விற்பனைக்கு வந்தால் தொழிலாளர்களே வாங்கட்டும் என்றார். நாட்கூலி பெறுபவர்கள் தோட்டம் வாங்குவதா என்று பலர் நகைத்தனர். நகைத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கணக்கு அப்படித்தான் இருந்தது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். பத்து வெள்ளி அன்று சிறு தொகையன்று. அரிசிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் போக மிஞ்சுவதில் பிடித்துக் கொடுக்க வேண்டும். சம்பந்தனும், அவருக்குத் துணை நின்ற கே. ஆர். சோமசுந்தரமும் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் பேசினார்கள். வாயில் கதவை அடைத்த நிருவாகிகளும் இருந்தனர்.

சங்கம் வாங்கிய முதல் தோட்டம், பினாங்கின் அண்டை மாநிலமான கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். மேலும் பல தோட்டங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. பால்மரம் சீவியவர்கள் அத்தோட்டங்களின் பங்குதாரர்களும் ஆனார்கள்.

1973இல் கட்சித் தலைமையைவிட்டு அவர் விலகினார். கூட்டுறவுப் பணியை மட்டும் விடவில்லை. 1979 மே 18ஆம் நாள் அவர் மறைந்தபோது, அரசியலுக்கு வருமுன் இருந்த குடும்பச் சொத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. சங்கத்தின் தலைமையகம் இன்று கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் பெயரோடு நிற்கிறது.