தனியே பறந்த விமானி

ஆர்தர் ஸ்கார்ஃப் 1913-இல் லண்டனின் விம்பிள்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையில் குண்டுவீச்சு விமானி.

1941 டிசம்பர் 9. மலாயாவுக்குள் புகுந்திருந்த ஜப்பானியரின் விமானங்கள் தாய்லாந்தின் சிங்கோராவில் நின்றன. அவற்றைத் தாக்க, பட்டர்வொர்த் தளத்திலிருந்து முதலில் எழும்பியது ஸ்கார்ஃபின் பிளென்ஹீம் விமானம். அடுத்த கணமே ஜப்பானியர் தளத்தைத் தாக்கினர். மற்ற விமானங்கள் எதுவும் பறக்க முடியவில்லை. அவர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தனியே சிங்கோராவுக்குப் பறந்து குண்டுவீசினார்.

எதிரி விமானங்கள் சுட்டதில் இடது கை சிதைந்தது, முதுகில் பெருங்காயம். அவ்வப்போது நினைவு தப்பியது. உடன் பறந்த கால்டரும் ரிச்சும் தாங்கிப் பிடிக்க, விமானத்தை அலோர்ஸ்டாரில் இறக்கினார். அவ்விருவருக்கும் காயமில்லை. மனைவி தாதியாகப் பணியாற்றிய மருத்துவமனையிலேயே 28 வயது ஸ்கார்ஃப் உயிரிழந்தார்.

ஒரு மாதத்தில் போர் சிலிம் ரிவரைக் கடந்து, நம் கோலா குபு பாரு வட்டாரத்தையும் தாண்டிக் கோலாலம்பூரை எட்டியது. பின்வாங்கிய குழப்பத்தில் படை ஆவணங்கள் தொலைந்தன. ஸ்கார்ஃபின் செயல் போருக்குப் பிறகே வெளியே தெரிந்தது. 1946-இல் அறிவிக்கப்பட்ட விக்டோரியா சிலுவை விருதை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

அவர் தைப்பிங் போர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அங்குள்ள கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. ஸ்கார்ஃபின் கதையைச் சொல்ல ஆள் மிஞ்சியிருந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. தைப்பிங் போனால் பெயரில்லாத அந்தக் கற்களின் முன்பும் சற்று நிற்போம்.