தெருத் தெருவாகக் கேட்டவர்

ஆவுடையார்கோவில் அப்போது தஞ்சாவூர் மாவட்டம். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-ல்தான். அந்தப் பழைய தஞ்சைக்கு 1951-ல் வந்தார் இங்கிலாந்தின் மானிடவியலாளர் கேத்லீன் காஃப்.

1925-ல் யார்க்‌ஷயர் கிராமம் ஒன்றில் பிறந்த கொல்லர் மகள். கேம்பிரிட்ஜில் படித்து, கேரளத்து நாயர் குடும்பங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். தஞ்சையில் இரண்டு கிராமங்களில் 1953 வரை ஆய்வு செய்தார். யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாரிடம் கடன், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது யார் என்று கேட்டு எழுதினார்.

ஊர்களுக்குக் கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று மாற்றுப் பெயர் வைத்தார். மாணவனாக இருந்தபோது கும்பப்பேட்டையை வரைபடத்தில் தேடி ஏமாந்திருக்கிறேன். பேசியவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது என்று பிறகுதான் விளங்கியது.

கும்பப்பேட்டையில் நிலம் பெரும்பாலும் பிராமண மிராசுதார்கள் கையில். பள்ளர் தெருக்களுக்கோ சொந்த நாட்டாண்மையும் சொந்தப் பஞ்சாயத்தும் இருந்தன. இதை அவர் விரிவாகப் பதிவு செய்தார். சேரி மக்களுக்கு நியாயம் பேசத் தெரியாது என்று சொல்லித் திரிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களே பதில். தெருவுக்குள் எழும் வழக்கை அவர்களே தீர்த்தார்கள். மற்ற சாதியாரோடு தகராறு என்றால் மட்டும் வழக்கு மிராசுதாரிடம் போனது. அடியோ அபராதமோ, அவர் சொன்னதுதான். அரசாங்கக் கணக்கில் இந்தத் தீர்ப்புகள் ஏறுவதில்லை.

அவர் வாழ்க்கையும் சுலபமில்லை. கியூபாவை ஆதரித்துப் பேசி அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நெருக்கடியைச் சந்தித்தார். பிறகு கனடாவில் மாணவர் போராட்டத்தின் பக்கம் நின்று வேலையை இழந்தார்.

1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். 1973-ல் தஞ்சைத் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1976-ல் அதே இரண்டு ஊர்களுக்கும் திரும்பினார். பண்ணையாள் முறை தேய்ந்து தினக்கூலி வந்திருந்தது. நிலம் மட்டும் உழைத்தவர் கைக்கு வரவில்லை. 1981-லும் 1989-லும் இரண்டு பெரிய நூல்களாக அனைத்தையும் எழுதி முடித்து, 1990-ல் வான்கூவரில் காலமானார்.

தலித்துகளுக்கு ஊராட்சித் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டு 1996-ல் தேர்தல் நடந்தது. தனி ஊராட்சியில் நாற்காலியில் உட்காருபவர் யார், கையெழுத்துக்கு முன் கோப்பு யார் வீட்டுக்குப் போய் வருகிறது என்று கேட்டு எழுத அவர் அப்போது இல்லை.