பன்னிரு உப்புகளின் மருத்துவர்

ஹோமியோபதி மருந்தகங்களில் 'பயோகெமிக்' மாத்திரைகளைப் பலரும் கண்டிருப்பார்கள். உடற்சோர்வுக்குக் 'காலி பாஸ்', இரத்தசோகைக்கு 'ஃபெரம் பாஸ்' எனப் பெயர் சொல்லியே கேட்டு வாங்குவோரும் உண்டு. இம்முறையைத் தோற்றுவித்தவர் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஷூஸ்லர்.

வடஜெர்மனியின் ஒல்டன்பர்க் பகுதியில் 1821-இல் பிறந்த ஷூஸ்லர், முப்பது வயதைக் கடந்த பின்னரே மருத்துவப் பட்டம் பெற்றார். ஒல்டன்பர்க் நகரில் ஹோமியோபதி மருத்துவராகப் பணியாற்றிய அவருக்கு, அம்முறையில் பெருகிக்கிடந்த மருந்துகளின் எண்ணிக்கை மலைப்பைத் தந்தது. நோயின் இருப்பிடம் உயிரணுவே என்ற விர்ஹோவின் கருத்து அவரை ஈர்த்தது. உயிரணுக்களில் தாது உப்புகளின் சமநிலை குலைவதே நோய் என்று அவர் முடிவுகட்டினார். 1873-இல் இதழொன்றிலும், அடுத்த ஆண்டில் சிறு நூலாகவும் தம் சுருக்கமான சிகிச்சை முறையை வெளியிட்டார். அதில் இடம்பெற்றவை 12 உப்புகள் மட்டுமே. நரம்புத் தளர்ச்சிக்கும் சோர்வுக்கும் பொட்டாசியம் பாஸ்பேட்டை அவர் பரிந்துரைத்தார். பிற்காலத்தில் கால்சியம் சல்பேட்டைத் தாமே நீக்கி, பட்டியலை 11-ஆகக் குறைத்தார். 1898-இல் மறைந்தார்.

மருத்துவத்தை எளிமையாக்க விரும்பிய அவரது நோக்கம் போற்றத்தக்கது. ஆனால், அவரது கோட்பாட்டை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. '6 எக்ஸ்' என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த வீரியத்தில் ஒரு கிராம் மாத்திரையில் உள்ள உப்பு ஒரு மைக்ரோகிராம் மட்டுமே. எஞ்சியது பால் சர்க்கரை. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் ஒரு மாத்திரையிலோ 60 மில்லிகிராம், அதாவது 60,000 மைக்ரோகிராம் இரும்புச்சத்து உள்ளது. இரத்தசோகையின் குறையை முன்னது நிரப்பாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இம்மாத்திரைகளால் நேரும் தீங்கு பெரும்பாலும் அவற்றில் உள்ள பொருளால் அல்ல. அவற்றை நம்பிக் கடத்தும் காலத்தால்தான். வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வுக்குப் பின்னால் இரத்தசோகையோ, தைராய்டு குறைபாடோ, நீரிழிவோ, மனச்சோர்வோ இருக்கக்கூடும். எளிய இரத்தப் பரிசோதனைகளே பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். விரும்பி உட்கொள்வோரும் மருத்துவர் தந்த மருந்துகளை நிறுத்தலாகாது. பால் சர்க்கரை ஒவ்வாதோர் தவிர்ப்பது நன்று.

தம் பட்டியலைத் திருத்திக்கொள்ள ஷூஸ்லர் தயங்கவில்லை. அவர் பெயரால் விற்கப்படுவதை வாங்குவோரும் அந்தத் துணிவைப் பெற வேண்டும்.